ஒப்பந்தத்தில் எழுதப்படும் செலவு: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரமும் தமிழ்நாட்டின் நிதிச் சீர்திருத்தமும்

ஒரு மாநில அரசின் நிதிக் கொள்கையை அறிய விரும்புவோர், ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் வரவு செலவுத் திட்டத்தையும் அதனோடு வரும் மானியக் கோரிக்கைகளையுமே முதலில் புரட்டுகின்றனர். எனினும் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட நீண்ட காலச் செலவுப் பொறுப்புகளில் ஒரு பகுதி அந்த ஏடுகளில் தொடங்கியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் ஆலை அமைக்க முன்வந்த நிறுவனங்களோடு அரசு செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் தொடங்கியது. கையெழுத்தாகும் நாளில் எந்தக் கணக்கிலும் ஏறாத இந்த வாக்குறுதிகள், பல ஆண்டுகள் கழித்துப் பணமாக வழங்கப்படும்போதுதான் செலவாகத் தோன்றுகின்றன. இந்த இடைவெளியே மாநில நிதிச் சீர்திருத்தத்தில் இதுவரை போதிய கவனம் பெறாத பகுதி என்பதும், 2017-க்குப் பிந்தைய வரியமைப்பில் இச்சலுகைகளுக்கான பழைய நியாயமே இடம் மாறிவிட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

வட்டாரம் உருவான விதம்

1965-இல் தொடங்கப்பட்ட டிட்கோவும் 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட்டும், தனியார் தொழிலுக்கு நிலமும் அடிப்படை வசதியும் அமைத்துத் தரும் அரசு நிறுவனங்களாக நெடுங்காலம் இயங்கிவந்தன. 1991-இல் தொழில் உரிமக் கட்டுப்பாடு தளர்ந்ததும், முதலீடு எங்கே போக வேண்டும் என்பதைத் தில்லியின் உரிமம் தீர்மானித்த காலம் முடிந்து, மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு முதலீட்டை ஈர்க்க வேண்டிய நிலை வந்தது. சென்னைத் துறைமுகத்துக்கும் பெங்களூரு நெடுஞ்சாலைக்கும் அருகில் இருப்பதும், அம்பத்தூர், பாடி வட்டாரங்களில் முன்பே வேரூன்றியிருந்த வாகன உதிரிபாகத் தொழிலும் ஸ்ரீபெரும்புதூருக்கு இயல்பான முன்னுரிமையைத் தந்தன. 1996-இல் இந்தியாவுக்கு வந்த ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்து 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2005-இல் ஒப்பந்தம் செய்த நோக்கியா அடுத்த ஆண்டிலேயே கைபேசி உற்பத்தியில் இறங்கியது. 2007-இல் சாம்சங் வந்தது. 2010 மார்ச்சில் ரெனோ–நிசான் கூட்டு ஆலை ஒரகடத்தில் திறக்கப்பட்டது. 2012-இல் டெய்ம்லர் நிறுவனத்தின் கனரக வாகன ஆலையும், அடுத்த ஆண்டில் ராயல் என்ஃபீல்டு ஆலையும் அதே ஒரகடத்தில் எழுந்தன.

இந்த வளர்ச்சிக்கு இடம் தந்த இயற்கை அனுகூலங்கள் ஒருபுறம் இருக்க, போட்டி மாநிலங்கள் தரும் சலுகைக்கு ஈடாகத் தானும் தர வேண்டும் என்ற நெருக்கடி தமிழ்நாட்டு அரசை விடவில்லை. மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து வெளியேறிய டாடா நானோ ஆலை 2008-இல் குஜராத்தின் சானந்துக்குப் போனதும், கியா நிறுவனம் 2017-இல் ஆந்திரத்தின் அனந்தபுரம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும், சலுகைப் போட்டியில் பின்தங்கினால் ஆலை கைநழுவிப் போகும் என்ற அச்சத்தைச் சென்னையில் ஆழப்படுத்தின. இத்தகைய போட்டியில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே எடுக்கும் முடிவு நியாயமாகத் தோன்றினாலும், எல்லா மாநிலங்களும் சேர்ந்து இழப்பது அதிகமாகிவிடுகிறது. நாட்டுக்குள் எப்படியும் வரவிருந்த முதலீட்டுக்கே ஏதோ ஒரு மாநிலத்தின் கருவூலம் விலை கொடுக்க நேர்கிறது.

வரியைத் திருப்பித் தரும் முறை

பெரிய முதலீட்டாளர் ஒவ்வொருவருக்கும் தனியே வகுக்கப்படும் சலுகைத் தொகுப்பு நிலத்தின் விலை, முத்திரைத் தீர்வை விலக்கு, மின்சார வரி விலக்கு, தொழிற்பயிற்சிக்கான மானியம் என்று பல கூறுகளைக் கொண்டது. இவற்றுள் நிதியளவில் மிகப் பெரியது வரியைத் திருப்பித் தருவதாகும். 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த மதிப்புக் கூட்டு வரியின்கீழ், ஆலையிலிருந்து மாநிலத்துக்குள் விற்கப்படும் பொருளின் மீது நிறுவனம் வரி செலுத்தும். அந்த வரியையும், வெளிமாநில விற்பனையின் மீது விதிக்கப்பட்டு விற்கும் மாநிலமே வைத்துக்கொண்ட மத்திய விற்பனை வரியையும், ஒப்பந்தத்தில் கண்ட உச்சவரம்பும் ஆண்டுக் கணக்கும் நிறையும்வரை அரசு நிறுவனத்துக்கே திருப்பித் தரும். பணத்தைப் பட்டுவாடா செய்யும் பொறுப்பு சிப்காட்டிடம் இருந்தது. ஒருங்கிணைந்த மோட்டார் வாகனத் திட்டங்களுக்கென்று 2007-இல் வகுக்கப்பட்ட தனிக் கொள்கை, மிகப் பெரிய முதலீடுகளுக்கு இந்த வசதியை மேலும் தாராளமாக்கியது.

இத்தொகை சில ஒப்பந்தங்களில் மானியமாகவும், சிலவற்றில் பெயரளவு வட்டியிலான மென்கடனாகவும் வழங்கப்பட்டது. பார்வைக்குச் சிறிதான இந்த வேறுபாடு நிதிநிலை அறிக்கையில் பெரிய விளைவை உண்டாக்கக்கூடியது. மானியம் வருவாய்ச் செலவாகப் பதிவாகி, அரசின் அன்றாட வருவாய் அன்றாடச் செலவுக்குப் போதாமல் விழும் துண்டாகிய வருவாய்ப் பற்றாக்குறையைக் கூட்டுகிறது. கடனோ ‘கடன்களும் முன்பணங்களும்’ என்ற தலைப்பில் மூலதனப் பக்கத்தில் பதிவாவதால் வருவாய்ப் பற்றாக்குறையைத் தொடுவதே இல்லை. நீண்ட காலம் கழித்து, வட்டி ஏறக்குறைய இல்லாமல் திரும்பி வரும் தொகையின் இன்றைய மதிப்பு மிகச் சிறியது என்பதால் உண்மையில் அதுவும் பெரும்பகுதி மானியமே. இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஆலையின் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் அரசு தரும் தொகைக்கு ‘மூலதன மானியம்’ என்று பெயர் இருந்தாலும், உருவாகும் சொத்து அரசுடையது அன்று என்பதால் அரசுக் கணக்குத் தரநிலையின்படி அது வருவாய்ச் செலவே ஆகும்.

தாமதமாகத் தெரிந்த பொறுப்பு

வாக்குறுதி எப்படி அரசின் கடனாக மாறுகிறது என்பதை நிசான் வழக்கைப் போலத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இந்த வட்டாரத்தில் வேறில்லை. ஒரகடம் ஆலைக்காக 2008-இல் தமிழ்நாட்டு அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தனக்கு வர வேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை என்று கூறிய அந்நிறுவனம், 2016-இல் பிரதமருக்கு அறிவிக்கை அனுப்பி, பின்னர் இந்திய–ஜப்பானியப் பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கையின்கீழ் இந்திய அரசுக்கு எதிராகப் பன்னாட்டு நடுவர் மன்றத்தை நாடியது. நிலுவை ஊக்கத்தொகையாக சுமார் 2,900 கோடி ரூபாயும், இழப்பீடாக சுமார் 2,100 கோடி ரூபாயும், அவற்றுக்கு மேல் வட்டியும் கோரப்பட்டதாக 2017 இறுதியில் செய்தி வெளியானது. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2019 ஏப்ரலில் நடுவர் தீர்ப்பாயம் முடிவு செய்தது; பின்னர் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்ததால் வழக்கு இறுதித் தீர்ப்புவரை போகவில்லை.

மாநில அரசு கையெழுத்திட்ட தாளுக்கு மத்திய அரசு பன்னாட்டு மன்றத்தில் விடையளிக்க நேர்ந்தது சட்ட நோக்கில் முக்கியமானது என்றாலும், நிதி நோக்கில் கவனிக்க வேண்டியது வேறு. இந்தியாவில் அரசுக் கணக்குகள் ரொக்க அடிப்படையில் எழுதப்படுகின்றன. அதாவது பணம் வந்தால் வரவு, பணம் போனால் செலவு. கொடுக்க வேண்டிய கடமை எப்போது உண்டாயிற்று என்பது இம்முறையில் பொருட்படுத்தப்படுவதில்லை. ஆகவே நெருக்கடியான ஓர் ஆண்டில் ஊக்கத்தொகையை நிறுத்தி வைக்கும் அரசின் பற்றாக்குறை குறைந்ததுபோல் தெரியும். உண்மையில் குறைந்தது செலவு அன்று, செலவைப் பற்றிய பதிவுதான். வங்கிக் கடனுக்காக அரசு அளிக்கும் உத்தரவாதங்களையாவது ஆண்டு நிதிக் கணக்குகள் தனி அறிக்கையாகத் தொகுத்துக் காட்டுகின்றன. தொழில் ஒப்பந்தங்களில் அளித்த வாக்குறுதிகளுக்கு அத்தகைய தொகுப்பும் வெளியாவதில்லை.

நோக்கியாவின் அனுபவம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருள் உரிமைத்தொகை அனுப்பியபோது மூலத்திலேயே வரி பிடிக்கவில்லை என்று 2013-இல் வருமான வரித் துறை வரி கேட்டதையும், ஏற்றுமதி என்று காட்டிய கைபேசிகள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று 2014-இல் மாநில வணிக வரித் துறை சுமார் 2,400 கோடி ரூபாய் கேட்டதையும் நிறுவனம் மறுத்தது. வழக்குகளில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை, நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட்டின் கைக்குப் போகாமல், 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தில் மின்னேற்றிகள் தயாரிக்கத் தொடங்க 2020 ஆயிற்று. உற்பத்தி நடக்கும் ஆண்டுகளில் சலுகை முன்கூட்டியே கரைந்துவிட, ஆலை மூடப்பட்ட பின் ஏற்படும் சமூகச் செலவு முழுவதும் பொதுமக்கள் தலையில் விழுகிறது என்பதும், ஒப்பந்தத்தில் முன்னதற்கு இருக்கும் விவரத்தில் சிறு பங்கும் பின்னதற்கு இருப்பதில்லை என்பதும் இதில் தெளிவாகின்றன.

வரி ஆலை வாசலை விட்டுப் போனது

2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, பொருள் உற்பத்தியாகும் மாநிலத்துக்கு அன்றி நுகரப்படும் மாநிலத்துக்கே வரி சேர வேண்டும் என்ற கொள்கையின் மேல் அமைந்தது. உற்பத்தி மாநிலங்களின் இழப்பைத் தணிக்க, மாநிலங்களுக்கிடையிலான விற்பனையின் மீது 1 விழுக்காடு கூடுதல் வரி விதிக்க 2014-இன் அரசியலமைப்புத் திருத்த மசோதாவில் இடம் இருந்தது. 2016-இல் நிறைவேறிய வடிவத்தில் அது நீக்கப்பட்டது. அந்த ஆகஸ்டில் மாநிலங்களவையில் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது, தமிழ்நாட்டின் அன்றைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வின் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சியை உறுதிசெய்த இழப்பீடும் ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே இருந்து 2022 ஜூனுடன் முடிந்தது.

இம்மாற்றத்தின் பொருளை ஒரகடத்தில் உருவாகும் ஒரு சிறிய காரைக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். காரின் வரிக்குரிய மதிப்பு 6 லட்சம் ரூபாய் என்றும், 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள 18 விழுக்காடு வரியே பொருந்தும் என்றும் கொள்வோம். வரி 1,08,000 ரூபாய். கார் சென்னையில் விற்றால் இதில் பாதியான 54,000 ரூபாய் தமிழ்நாட்டுக்கு. அதே கார் லக்னோவுக்குப் போனால், ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரியாக முழுத் தொகையும் மத்திய அரசிடம் செலுத்தப்பட்டு, மாநிலப் பங்கான 54,000 ரூபாய் உத்தரப் பிரதேசத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதோடு முடிவதில்லை. அக்காருக்காக ஒரகடத்தைச் சுற்றியுள்ள உதிரிபாக ஆலைகளிடம் 4 லட்சம் ரூபாய்க்குப் பொருள் வாங்கியிருந்தால், மாநிலப் பங்காக 36,000 ரூபாய் தமிழ்நாட்டுக் கருவூலத்தில் முன்பே சேர்ந்திருக்கும். வாங்கும்போது செலுத்திய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளும் உரிமையாகிய உள்ளீட்டு வரி வரவை நிறுவனம் ஒருங்கிணைந்த வரிக்கு ஈடாகப் பயன்படுத்தியதும், அந்த 36,000 ரூபாயையும் மாநிலம் மத்திய அரசுக்கு மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். பழைய முறையில் இதே கார் வெளிமாநிலத்துக்கு நேரடியாக விற்கப்பட்டிருந்தால் 2 விழுக்காடு மத்திய விற்பனை வரியாக 12,000 ரூபாயாவது தமிழ்நாட்டில் தங்கியிருக்கும். ஏற்றுமதியாகும் காருக்கோ வரியே இல்லை. உள்ளீட்டு வரியும் திருப்பித் தரப்படும்.

அப்படியானால் இந்த வட்டாரத்திலிருந்து மாநிலத்துக்கு வருவது என்ன என்ற கேள்வி எழுகிறது. நிறுவன வரியும் வருமான வரியும் மத்திய அரசுக்குரியவை. மாநிலத்துக்குக் கிடைப்பவை, தொழிலாளியும் பொறியாளரும் தம் சம்பளத்தை இங்கே செலவிடும்போது எழும் சரக்கு மற்றும் சேவை வரிப் பங்கு, பெட்ரோல், டீசல், மதுபானம் ஆகியவற்றின் மீதான வரி, வீட்டுமனைப் பத்திரப் பதிவில் வரும் முத்திரைத் தீர்வை, வாகன வரி, மின்சார வரி ஆகியனவே. மாநிலக் கருவூலத்தின் வரித்தளம் ஆலையின் விற்றுமுதலிலிருந்து தொழிலாளியின் ஊதியத்துக்கு நகர்ந்துவிட்டது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். அதிக விற்றுமுதலும் குறைந்த ஊதியச் செலவும் கொண்ட ஏற்றுமதி ஆலை, நாட்டின் அன்னியச் செலாவணிக்கு எவ்வளவு உதவினாலும், மாநில வருவாய்க்குத் தருவது சிறிது.

இந்த மாற்றத்துக்குச் சலுகைக் கொள்கை ஓரளவே ஈடுகொடுத்திருக்கிறது. திருப்பித் தருவதற்கு மாநில வரி போதிய அளவு இல்லாத நிலையில், 2021-இன் தமிழ்நாட்டுத் தொழிற்கொள்கை முதலீட்டாளருக்குச் சரக்கு மற்றும் சேவை வரியின் மாநிலப் பங்கைத் திரும்பப் பெறுதல், விற்றுமுதல் அடிப்படையிலான மானியம், நிலையான மூலதன மானியம் என்ற வழிகளை வைத்தது. முதல் வழியில், வந்த வரியைத்தான் அரசு திருப்பித் தந்தது. மற்ற இரண்டில், அந்த ஆலையிலிருந்து வராத பணத்தை வேறு வரவுகளிலிருந்து எடுத்துத் தர வேண்டியிருந்தது. மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்துக் காஞ்சிபுரம் உள்ளிட்ட சென்னைச் சுற்றுவட்டாரத்துக்குக் குறைந்த சலுகையும் தென்மாவட்டங்களுக்குக் கூடுதல் சலுகையும் தந்தது அக்கொள்கையின் நல்ல கூறு. ஆனால் 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டம் மத்திய அரசு தரும் ஊக்கத்தொகைக்கு இணையான தொகையை மாநிலமும் தரும் என்கிறது. செலவின் அளவைத் தீர்மானிக்கும் முடிவு இதனால் ஓரளவுக்குச் சென்னைக்கு வெளியே போய்விடுகிறது.

பற்றாக்குறையின் பின்னணி

இவையெல்லாம் நிகழும் நிதிச் சூழல் தாராளமானது அன்று. 2003-இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றிய முன்னோடி மாநிலங்களுள் ஒன்றான தமிழ்நாடு, 2013-14-க்குப் பிறகு வருவாய்ப் பற்றாக்குறையிலிருந்து மீளவில்லை. அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் 2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2020-21-இன் வருவாய்ப் பற்றாக்குறை 60,000 கோடி ரூபாயைத் தாண்டியதையும், ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய்ப் பொதுக்கடன் இருப்பதையும் காட்டியது. 2025-26 வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டின்படி வருவாய் வரவு 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி, பற்றாக்குறை 41,635 கோடி ரூபாய். மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 57,231 கோடி ரூபாய் மட்டுமே. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் அரசு தரும் ஒவ்வொரு ஊக்கத்தொகையும், ஆகவே, கடன் வாங்கித் தரும் தொகையாகிறது.

தொழில் வளர்ச்சியின் பயன் மத்திய வரிப் பகிர்வின் வழியாகத் திரும்பும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை. பகிர்வுத் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு ஒன்பதாவது நிதிக்குழுக் காலத்தில் 7.931 விழுக்காடாக இருந்து பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079 விழுக்காடாகக் குறைந்தது. அக்குழு 45 விழுக்காடு மதிப்பெண்ணை வருமான இடைவெளிக்கு, அதாவது உயர் வருமான மாநிலத்திலிருந்து ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற அளவுக்கு, ஒதுக்கியது. ஏழை மாநிலங்களுக்கு அதிகம் தருவது நீதியே. ஆயினும் தன் செலவில் ஆலைகளை வரவழைத்துத் தலா வருமானத்தை உயர்த்தும் மாநிலத்தின் பங்கு அந்த உயர்வாலேயே சுருங்குகிறது என்பதைச் சலுகையின் வரவு செலவுக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதல் சீர்திருத்தம் வாக்குறுதிகளைக் கணக்கில் ஏற்றுவதாகும். நடப்பில் உள்ள ஒவ்வொரு தொகுப்பின் உச்சவரம்பு, காலம், இதுவரை வழங்கியது, இனி வழங்க வேண்டியது, நிறுவனம் அளித்த வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு வரவு செலவுத் திட்டத்தோடு சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். மத்திய அரசு வரிச் சலுகைகளால் இழக்கும் வருவாயை 2006-07 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. அமெரிக்காவில் மாநில, உள்ளாட்சி அரசுகள் ஒப்பந்த வழியாக விட்டுக்கொடுக்கும் வரியைத் தம் நிதியறிக்கையில் வெளியிட வேண்டும் என்று 2015-இல் வந்த 77-ஆம் எண் கணக்குத் தரநிலை கோருகிறது. விவரம் வெளியானால் போட்டி மாநிலம் முந்திக்கொள்ளும் என்ற தயக்கம் பேச்சுவார்த்தை நடக்கும் காலத்துக்குப் பொருந்தலாம். கையெழுத்தான பின் அதற்கு வலு இல்லை.

இரண்டாவது, நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கோரும் நடுத்தர கால நிதித் திட்டத்தில், இப்பொறுப்புகளின் இன்றைய மதிப்பை மதிப்பிட்டு, ஓராண்டில் புதிதாக ஏற்கத்தக்க தொகைக்கு உச்சவரம்பு வைப்பது. மென்கடனில் அடங்கியுள்ள மானியப் பகுதியும் அவ்வரம்புக்குள் வர வேண்டும். மூன்றாவது, சலுகையை விற்றுமுதலோடு பிணைக்காமல், மாநில வருவாய் உண்மையில் பிறக்கும் இடங்களாகிய நேரடி வேலை, ஊதிய அளவு, உள்ளூர்க் கொள்முதலில் தங்கும் மதிப்பு ஆகியவற்றோடு பிணைப்பது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஆலை மூடப்பட்டால் பெற்றதைத் திருப்பிச் செலுத்தும் பிரிவையும் சேர்ப்பது.

நான்காவது, நிறுவனத்தின் கையில் தரும் பணத்திலிருந்து வட்டாரத்தில் நிலைக்கும் சொத்துக்குச் செலவைத் திருப்புவது. 2021 டிசம்பரில், இந்த வட்டாரத்தில் கைபேசி தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றின் உணவால் பலர் நோயுற்று, அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தபோது, ஆலைக்குக் கொடுத்த கவனம் ஆள் தங்கும் இடத்துக்குக் கொடுக்கப்படவில்லை என்பது வெளிப்பட்டது. அதன் பின்னர் சிப்காட் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். ஒரு நிறுவனம் வெளியேறினாலும் அக்கட்டடம் வெளியேறாது. அடுத்த நிறுவனத்தின் தொழிலாளர்களுக்கும் அது பயன்படும். சாலை, பேருந்து வசதி, குடிநீர், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றுக்கும் இதே வாதம் பொருந்தும்.

இவற்றுக்கு மேல், எந்தத் தனி மாநிலத்தாலும் தீர்க்க முடியாதது சலுகைப் போட்டி. உறுப்பு நாடுகள் நிறுவனங்களுக்கு அளிக்கும் அரசு உதவியை ஐரோப்பிய ஒன்றியம் தன் உடன்படிக்கை வழியே கட்டுப்படுத்துகிறது. இந்திய மாநிலங்களுக்கு இடையே அத்தகைய விதி இல்லை. வரி விகிதங்களில் ஒன்றுபட்டு முடிவெடுக்க ஒரு மன்றத்தை உருவாக்கிக்கொண்ட மாநிலங்கள், சலுகைக்கும் உச்சவரம்பு வகுப்பது இயலாத காரியம் அன்று; அதற்கான கோரிக்கையை, அதிக முதலீடு பெறும் தமிழ்நாடு போன்ற மாநிலமே வலுவாக முன்வைக்க முடியும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் தமிழ்நாட்டுக்குத் தந்த வேலையும் தொழில்திறனும் மறுக்க முடியாதவை. சலுகை தந்ததே தவறு என்று இவ்வரலாறு கூறவில்லை; குறை அது ஏற்கப்படும் முறையில் இருக்கிறது. அரசியலமைப்பின்படி சட்டமன்றத்தின் ஒப்புதலின்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்க முடியாது என்றாலும், முன்பே கையெழுத்தான ஒப்பந்தத்துக்கான தொகை மானியக் கோரிக்கையில் வரும்போது உறுப்பினர்கள் அதை மறுக்கும் நிலையில் இருப்பதில்லை. தரப்படும் தொகை எந்த வரியின் வழியாக, எந்த ஆண்டில், எவ்வளவு திரும்பும் என்ற மதிப்பீடு கையெழுத்துக்கு முன்னரே அமைச்சரவையின் முன்னும், கையெழுத்தான உடனே சட்டமன்றத்தின் முன்னும் வைக்கப்படுமானால், நிதிக் கட்டுப்பாடு என்பது செலவு வந்து சேர்ந்த பின் செய்யும் சிக்கனமாக இராமல், செலவை ஏற்கும் தருணத்திலேயே எடுக்கும் முடிவாக அமையும்.